ஸ்லோவில் நிற்காத பவர் வீடர்: ஸ்குரூவைத் திருகும் முன் பார்க்க வேண்டியவை

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தின் மானாவாரி விவசாயத்தில் களையெடுக்கக் கிடைக்கும் நாள்கள் மிகக் குறைவு. புரட்டாசியில் விதைத்த மக்காச்சோளமும் பருத்தியும் முளைத்து வரும் வேளையில் வடகிழக்குப் பருவமழை இறங்கும். மழை பெய்த கரிசலில் உடனே கால் வைக்க முடியாது. சேறு காய்ந்து மண் பதத்துக்கு வரச் சில நாள்கள் ஆகும். அந்தப் பதமும் நீண்ட நாள் நிற்காது. அதற்குள் அடுத்த மழை வரும், அல்லது மண் இறுகிவிடும். அந்த இடைவெளியில் களையை எடுத்தவருக்கே மகசூல். பஞ்சாலைக்கும், தீப்பெட்டி, பட்டாசு வேலைக்கும், நூறு நாள் வேலைக்கும் ஆள்கள் போய்விடுவதால், களைக்கு ஆள் தேடி அலைவதைவிடப் பழைய பவர் வீடர் ஒன்றை வாங்கிப் போடலாம் என்று நினைக்கும் சிறு விவசாயிகள் கூடிக்கொண்டே போகிறார்கள்.

பழைய இயந்திரத்தை வாங்கியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "வண்டி ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் ஸ்லோவில் நிற்க மாட்டேன் என்கிறது. லீவரை முழுக்கக் குறைத்தாலும் ரேஸாகவே ஓடுகிறது. என்ன செய்வது?"

இதற்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "கார்புரேட்டரில் ஒரு ஸ்குரூ இருக்கும், அதைத் திருகிக் குறைத்துக்கொள்ளுங்கள்" என்பதுதான். சில வண்டிகளுக்கு அது போதும். பல வண்டிகளில் அந்த ஸ்குரூவை ஏற்றி வைத்ததே வேறொரு கோளாறை மறைக்கத்தான். அந்தக் கோளாறு எது என்று கண்டுபிடித்தால், பெரும்பாலான பழுதுகளைச் சிறு செலவில் வீட்டு வாசலிலேயே சரிசெய்துவிடலாம். கண்டுபிடிக்காமல் திருகினால், களையெடுக்கும் நாளில் வண்டி வயல் நடுவே நின்றுவிடும்.

சத்தம் மட்டும் பிரச்னை அல்ல

இப்போது விற்கும் பெட்ரோல் பவர் வீடர்களில் பல, 4 ஸ்ட்ரோக் இன்ஜினில் ஓடுகின்றன. இந்த வகையில் பரவலாக இருக்கும் இன்ஜின்கள், சுமை இல்லாமல் ஸ்லோவில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,400 சுற்று ஓட வேண்டும். முழு வேகத்தில் சுமார் 3,600 சுற்று. ஸ்லோவிலேயே 2,000, 2,500 என்று சுற்றினால் பெட்ரோல் வீணாவது ஒருபுறம் இருக்கட்டும். அதைவிடப் பெரிய ஆபத்துகள் மூன்று.

முதலாவது, கியர். இன்ஜின் வேகமாகச் சுற்றும்போது கியர் மாற்றினால் பற்கள் கரகரக்கும். ஒரே பருவத்தில் கியர் முனைகள் தேய்ந்துபோகும்.

இரண்டாவது, ரிவர்ஸ். ரேஸில் இருக்கும் வண்டியில் ரிவர்ஸ் போட்டுக் கிளட்சை விட்டால், வண்டி ஓட்டுபவர் மேலேயே பாய்ந்து வரும். பின்னால் வரப்போ வேலியோ இருந்தால் விலக வழி இருக்காது. சுழலும் கொத்துக் கத்திக்கும் காலுக்கும் இடையே தூரம் குறைவு.

மூன்றாவது, இன்ஜினின் ஆயுள். காற்று கசிந்து உள்ளே போவதால் வேகம் ஏறியிருந்தால், பெட்ரோல் குறைவாகவும் காற்று கூடுதலாகவும் எரிகிறது என்று அர்த்தம். அப்படி எரியும்போது சூடு ஏறும். வால்வும் பிஸ்டனும் அடிவாங்கும்.

எனவே, ஸ்லோ சரியாகும்வரை வண்டியை வயலில் இறக்காமல் இருப்பதே நல்லது.

வேகத்தைப் பிடித்து வைப்பது எது?

கார்புரேட்டருக்குள் வட்டத் தகடு போன்ற ஒரு கதவு இருக்கிறது. அதை மெக்கானிக்குகள் திராட்டில் என்பார்கள். கதவு திறந்தால் காற்றும் பெட்ரோலும் கூடுதலாகப் போகும், வேகம் ஏறும். மூடினால் இறங்கும். முழுக்க மூடிவிட்டால் இன்ஜின் நின்றுவிடும் என்பதால், கதவு முழுக்க மூடாதபடி ஒரு ஸ்குரூவின் முனை தடுத்து நிற்கிறது. அதுதான் ஸ்லோ ஸ்குரூ.

இந்தக் கதவைக் கைப்பிடி லீவரும் கேபிளும் நேராக இழுப்பதில்லை. நடுவில் கவர்னர் இருக்கிறது. இன்ஜினுக்குள் சுழலும் சிறு எடைகள், வேகம் கூடும்போது விரிந்து, ஒரு கம்பி வழியாகக் கதவை மூடப் பார்க்கும். வெளியே இருக்கும் ஸ்பிரிங் கதவைத் திறக்கப் பார்க்கும். லீவரை ஏற்றினால் ஸ்பிரிங் இறுகும், இறக்கினால் தளரும். கொத்துக் கத்தி கெட்டி மண்ணில் சிக்கும்போது இன்ஜின் தானாக உறுமி ஈடுகொடுப்பது இதனால்தான். சுழலும் எடைகளைக் கொண்டு வேகத்தைக் கட்டுப்படுத்தும் இந்த ஏற்பாட்டை 1788ல் ஜேம்ஸ் வாட் நீராவி இன்ஜினில் பொருத்தினார். இன்றைய பவர் வீடரிலும் இருப்பது அதே தத்துவம்தான்.

ஆக, வேகம் ஏறி நிற்க மூன்று வழிகள் உண்டு. கதவை ஏதோ ஒன்று இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். அல்லது ஸ்லோ ஸ்குரூ ஏற்றப்பட்டிருக்க வேண்டும். அல்லது கதவு மூடியிருந்தும் வேறு சந்து வழியாகக் காற்று நுழைய வேண்டும். எது என்று பிரித்துப் பார்ப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது.

முதல் சோதனை: முனை தொடுகிறதா?

வண்டியைத் திறந்த வெளியில், சமதளத்தில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைக்க வேண்டும். மூடிய கொட்டகைக்குள் இன்ஜினை ஓட்டக் கூடாது. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு வாசனை இல்லாமல் ஆளைச் சாய்த்துவிடும். முன்னதாக இன்ஜின் ஆயில் அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 5 நிமிடம் ஓடிச் சூடான பிறகு சோக்கை முழுக்கத் திறந்து, லீவரை முழுக்கக் குறைத்து, கார்புரேட்டரின் பக்கம் குனிந்து பார்க்க வேண்டும். சைலன்சரில் கை படாமல், தளர்ந்த துண்டு, வேட்டி நுனி எதுவும் சுழலும் பகுதிக்கு அருகே போகாமல் கவனம் தேவை.

ஸ்லோ ஸ்குரூவின் முனை, கதவை அசைக்கும் சிறு கையைத் தொட்டுக்கொண்டு இருக்கிறதா, இடைவெளி இருக்கிறதா?

இடைவெளி இருந்தால், கதவை வெளியிலிருந்து ஏதோ இழுத்துப் பிடித்திருக்கிறது. ஸ்லோ ஸ்குரூவுக்கும் இந்தப் பழுதுக்கும் சம்பந்தமில்லை. தொட்டுக்கொண்டு இருந்தால், கோளாறு ஸ்குரூவிலோ கார்புரேட்டரிலோ காற்றுக் கசிவிலோ இருக்கிறது.

இடைவெளி இருந்தால்: கேபிள், ஸ்பிரிங், கவர்னர்

இன்ஜினை நிறுத்திவிட்டு முதலில் கேபிளைப் பார்க்க வேண்டும். கைப்பிடியை மடக்கி ஆட்டோவில் ஏற்றி இறக்கிய வண்டிகளில் கேபிள் மடிந்திருக்கும். கரிசல் தூசி உள்ளே போய் இறுகியும் இருக்கும். இன்ஜின் பக்கம் கேபிளைக் கழற்றிவிட்டு, அங்குள்ள தகட்டுக் கையை ஸ்லோ பக்கம் தள்ளி வைத்து ஓட்டிப் பார்க்கலாம். வேகம் இறங்கினால் குற்றவாளி கேபிள்தான். புதுக் கேபிள் மாட்டும்போது லீவர் முழுக்கக் குறைந்த நிலையில் கேபிளில் சிறிது தளர்வு இருக்க வேண்டும்.

கேபிள் சரியென்றால் அடுத்தது ஸ்பிரிங். கவர்னர் கைக்கும் லீவர் தகட்டுக்கும் இடையே இருக்கும் பெரிய ஸ்பிரிங், அதற்குரிய ஓட்டையில் மாட்டியிருக்கிறதா? சில இன்ஜின்களில் 2, 3 ஓட்டைகள் இருக்கும். இடம் மாறினால் வேகமும் மாறும். அறுந்த ஸ்பிரிங்குக்குப் பதிலாக ஏதோ பழைய ஸ்பிரிங்கை வெட்டி மாட்டியிருப்பதும் பழைய வண்டிகளில் உண்டு. அந்த மாடலுக்கு உரிய ஸ்பிரிங்கையே வாங்கி மாட்ட வேண்டும்.

பிறகு கம்பி. கவர்னர் கையிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் மெல்லிய கம்பி வளைந்தோ, ஓரத்தில் உரசியோ இருக்கக் கூடாது. விரலால் கதவை அசைத்துப் பார்த்தால் இரு பக்கமும் தடையில்லாமல் போய்வர வேண்டும். பழைய ஆயிலும் தூசியும் சேர்ந்த பிசுக்கு இருந்தால் தூரிகையால் துடைத்தாலே பல வண்டிகள் சரியாகிவிடும்.

கடைசியாக, கவர்னர் கையை அதன் தண்டோடு பிடித்திருக்கும் நட்டு. அது தளர்ந்திருந்தால் கவர்னர் தன் பிடியை இழந்துவிடும். இன்ஜின் நின்ற நிலையில் நட்டைத் தளர்த்தி, கார்புரேட்டர் கதவு முழுக்கத் திறக்கும்படி கையைத் தள்ளிப் பிடித்து, தண்டையும் அதே திசையில் அது நிற்கும்வரை சுற்றி, அப்படியே நட்டை இறுக்க வேண்டும். பரவலாக உள்ள 4 ஸ்ட்ரோக் இன்ஜின்களுக்கு முறை இதுதான். மாடலுக்கு மாடல் திசை மாறலாம் என்பதால் கையேட்டைப் பார்த்துச் செய்வது பாதுகாப்பு.

எந்தச் சூழலிலும் கவர்னர் கம்பியைக் கழற்றிவிட்டு இன்ஜினை ஓட்டிப் பார்க்கக் கூடாது. தடுக்க ஆளில்லாமல் வேகம் எகிறி, கனெக்டிங் ராடு உடைந்து இன்ஜின் பிளாக்கையே துளைத்துவிடும். மேல் வேகத்துக்கான ஸ்குரூவையும் தொடக் கூடாது. "கூடுதல் இழுவை கிடைக்கும்" என்று அதைத் திருகியவர்கள் இன்ஜினை இழந்ததுதான் மிச்சம்.

தொட்டுக்கொண்டு இருந்தால்: மூன்று விளைவுகள்

ஸ்லோ ஸ்குரூ இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு கோடு போட்டுக்கொண்டு, ஓடும் இன்ஜினில் அதை இடப்புறமாக, கால் சுற்று கால் சுற்றாகத் தளர்த்த வேண்டும். மூன்றில் ஒன்று நடக்கும்.

ஒன்று: வேகம் இறங்கி, சீராக நிற்கும். அப்படியானால் முன்பு யாரோ தவறுதலாக ஏற்றி வைத்திருந்ததுதான் பழுது. வேலை முடிந்தது.

இரண்டு: முனை தொடாத அளவுக்குத் தளர்த்திய பிறகும் வேகம் இறங்காது. கதவு மூடியிருந்தும் காற்று நுழைகிறது. கசிவைத் தேட வேண்டும்.

மூன்று: வேகம் இறங்கும், ஆனால் இன்ஜின் ஏறி ஏறி இறங்கும், அல்லது பொசுக்கென்று நின்றுவிடும். பழைய வண்டிகளில் அதிகம் நடப்பது இதுதான். ஸ்லோவுக்கான பெட்ரோல் வரும் சிறு துவாரம் அடைத்திருக்கிறது. அதைச் சுத்தம் செய்யாமல், நின்றுபோகாதிருக்க ஸ்குரூவை ஏற்றி வைத்து விற்றிருக்கிறார்கள். விற்றவர் ஏமாற்ற நினைத்துத்தான் செய்தார் என்பதில்லை. பல நேரங்களில் அவரும் அப்படியே ஓட்டிப் பழகியிருப்பார்.

காற்றுக் கசிவைக் கண்டுபிடிப்பது

கார்புரேட்டருக்கும் இன்ஜின் தலைக்கும் நடுவே ஒரு தடித்த கறுப்புத் துண்டும், அதன் இரு பக்கமும் மெல்லிய பேக்கிங்கும் இருக்கும். முதலில் கார்புரேட்டரைப் பிடித்திருக்கும் 2 நட்டுகளும் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அதிர்வில் இவை தளர்வது சகஜம். இறுக்கியதுமே வேகம் இறங்கிவிட்டால் சரி.

இறங்காவிட்டால், ஓடும் இன்ஜினில் அந்த இணைப்பைச் சுற்றி ஒரு சிறு தூரிகையால் இன்ஜின் ஆயிலைத் தடவலாம். கசிவு உள்ள இடத்தை ஆயில் அடைக்கும் அந்தக் கணத்தில் இன்ஜின் சத்தம் மாறும். சிலர் இதற்குப் பெட்ரோலை ஊசியில் எடுத்துப் பீய்ச்சிப் பார்ப்பார்கள். சூடான இன்ஜினில் அது தீயை வலியக் கூப்பிடுவது.

இன்னொரு எளிய சோதனை, சோக்கைப் பாதி மூடிப் பார்ப்பது. மூடியதும் தடுமாற்றம் நின்று இன்ஜின் சீரானால், காற்று கூடுதலாக அல்லது பெட்ரோல் குறைவாகப் போகிறது என்பது உறுதி. ஸ்பார்க் பிளக்கும் இதையே சொல்லும். நுனி வெளிர் காவியாக இருந்தால் நலம். வெள்ளை வெளேரென்று இருந்தால் பெட்ரோல் போதவில்லை. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம்.

பேக்கிங் கிழிந்திருந்தால் புதிது மாற்ற வேண்டும். நோட்டு அட்டையை வெட்டி வைப்பதும், பசையை அப்பி ஒட்டுவதும் ஒரு மழைக்குக்கூடத் தாங்காது. காற்று வடிகட்டி இல்லாமல் ஓடிய வண்டியில், தூசி பட்டுக் கதவின் தண்டே தேய்ந்து ஆடும். அப்படி ஆடினால் அந்தச் சந்து வழியாகவும் காற்று போகும். அதற்குக் கார்புரேட்டரை மாற்றுவதுதான் தீர்வு.

அடைத்த துவாரம்: வறண்ட பூமியின் வழக்கமான பழுது

இந்த வட்டாரத்தில் பவர் வீடர் ஓடுவது ஆண்டுக்கு 2, 3 மாதம். மற்ற மாதங்கள் முழுதும் கொட்டகையில் கிடக்கும். மிதவைக் கிண்ணத்தில் மிஞ்சிய பெட்ரோல் கோடை வெயிலில் ஆவியாகி, கோந்து போன்ற கசடை விட்டுவிட்டுப் போகும். ஊசி முனையைவிட நுண்ணிய பைலட் ஜெட் துவாரம் முதலில் அடைபடும். ஆற்றுப் பாசனத்தில் ஆண்டு முழுதும் ஓடும் வண்டியைவிட மானாவாரி வண்டிக்கு இந்தப் பழுது அதிகம் வர இதுவே காரணம்.

பெட்ரோலும் மாறியிருக்கிறது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, இப்போது பரவலாகிவிட்டது. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் கிடந்தால் நீர் பிரிந்து கிண்ணத்தின் அடியில் தங்கி, துருவையும் பூஞ்சணம் போன்ற வெள்ளைப் படிவையும் உண்டாக்கும். இந்தக் கலவையை எதிர்பார்க்காமல் செய்த பழைய இன்ஜின்களின் ரப்பர் குழாய், வளையம் போன்றவை உப்பிப் போகவோ, காய்ந்து வெடிக்கவோ வாய்ப்பு உண்டு.

சுத்தம் செய்யும் முறை இது. பெட்ரோல் டேப்பை மூடி, கிண்ணத்தின் அடியிலுள்ள போல்ட்டைக் கழற்றி ஒரு கண்ணாடிப் பாட்டிலில் வடிக்க வேண்டும். அடியில் நீர் முத்துகளோ பழுப்புத் துகளோ தெரிந்தால் காரணம் கையில் கிடைத்துவிட்டது. பிறகு கிண்ணத்தைக் கழற்ற வேண்டும். பரவலான மாடல்களில் ஸ்லோ ஸ்குரூவைக் கழற்றினால் அதன் அடியிலேயே பைலட் ஜெட் இருக்கும். கழற்றும் முன் ஸ்குரூ எத்தனை சுற்று உள்ளே போகிறது என்று எண்ணி எழுதிக்கொள்ள வேண்டும்.

ஜெட்டைக் கார்புரேட்டர் கிளீனரில் கழுவி, சைக்கிள் பம்ப்போ கம்ப்ரஸரோ கொண்டு காற்றடித்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் வட்டமாக ஒளி தெரிய வேண்டும். கம்பி, ஊசி, பின் எதையும் உள்ளே விடக் கூடாது. துவாரம் ஒரு நூல் அகலமானாலும் பெட்ரோல் அளவு என்றென்றைக்கும் மாறிப்போகும். டேங்கின் அடி வலையையும் டேப் வடிகட்டியையும் கழுவாமல் விட்டால் ஒரு வாரத்தில் அதே அடைப்பு திரும்ப வரும்.

எல்லாம் மாட்டியபின், இன்ஜினைச் சூடாக்கி, ஸ்லோ ஸ்குரூவை அதன் உரிய அளவுக்கு இறக்க வேண்டும். பிளக் வயரில் சுற்றி வைக்கும் சிறு டாக்கோமீட்டர் இருந்தால் 1,400 என்ற எண்ணைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். இல்லையென்றால் லீவரை ஏற்றிச் சட்டென்று இறக்கிப் பார்ப்பது போதும். இன்ஜின் தயங்காமல் இறங்கி, நின்றுபோகாமல், கியர் கரகரப்பில்லாமல் விழுந்தால் அளவு சரி.

புல்வெட்டும் கருவிக்குத் தனிக் கவனம்

தோளில் மாட்டும் 2 ஸ்ட்ரோக் புல்வெட்டியில் கவர்னர் கிடையாது. சுழல் வேகத்தில் பிடிக்கும் கிளட்ச் இருக்கிறது. ஸ்லோவில் அது பிடிக்கக் கூடாது. பிளேடு நிற்க வேண்டும். விசையை விட்ட பிறகும் பிளேடு சுற்றினால், கருவியைத் தோளிலிருந்து இறக்கிவிட வேண்டும். அருகில் குழந்தைகள் நிற்கும் வீட்டு வேலியோரங்களில் இது உயிர்ப் பிரச்னை.

இங்கும் ஸ்லோ ஸ்குரூவைக் குறைத்துப் பார்க்கலாம். வேகம் இறங்கியும் பிளேடு சுற்றினால் கிளட்ச் ஸ்பிரிங் அறுந்திருக்கும். குறைத்ததும் இன்ஜின் நின்றால் கார்புரேட்டரின் ரப்பர் சவ்வோ பெட்ரோல் குழாயோ பழுதாகியிருக்கும். குறைத்தும் இறங்காமல் இரைந்தால் காற்றுக் கசிவு. 2 ஸ்ட்ரோக்கில் இது மிக மோசம். பெட்ரோலோடு கலந்து வரும் ஆயில்தான் பிஸ்டனுக்கு எண்ணெய். பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறையும், பிஸ்டன் ஒட்டிக்கொள்ளும். கிராங்க் சீல் கசிந்தாலும் இதே அடையாளம்தான். அதற்கு மெக்கானிக் தேவை. ஆயில் கலவை கருவிக்குக் கருவி மாறும். 50க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மி.லி.; 25க்கு 1 என்றால் 40 மி.லி.

சாயல்குடி, மூக்கையூர் கடற்கரையில் உறவுக்காரர்கள் வைத்திருக்கும் பழைய பெட்ரோல் படகு மோட்டார் ஸ்லோவில் இரைந்தாலும் தேடும் வரிசை ஏறக்குறைய இதுதான்: கேபிள், ஸ்லோ ஸ்குரூ, காற்றுக் கசிவு, பைலட் ஜெட். அங்கே ஒன்று மட்டும் கூடுதல்: மோட்டாரின் குளிர்விக்கும் பாதைக்குத் தண்ணீர் கொடுக்காமல் கரையில் ஓட்டிச் சோதிக்கக் கூடாது.

பழைய வண்டி வாங்கப் போகும்போது

"எடுத்துட்டுப் போங்க மாமா, ஒண்ணும் பார்க்க வேண்டியதில்ல" என்று சொந்தக்காரரே சொன்னாலும், பின்வரும் ஐந்தைப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

1. போனதும் இன்ஜினைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே சூடாக இருந்தால், ஆறவிட்டுப் பிறகு ஸ்டார்ட் செய்யச் சொல்ல வேண்டும். குளிர்ந்த இன்ஜின் பொய் சொல்லாது.

2. லீவரை முழுக்கக் குறைத்து, 5 நிமிடம் ஸ்லோவில் ஓடவிட வேண்டும். நிற்கிறதா, ஏறி இறங்குகிறதா, இரைகிறதா?

3. ஸ்லோ ஸ்குரூவின் தலையில் புதிய கீறல்கள் உள்ளனவா? அதைக் கால் சுற்றுத் தளர்த்தச் சொல்லிப் பார்த்தால் மறைந்திருப்பது வெளியே வரும்.

4. காற்று வடிகட்டி உள்ளே இருக்கிறதா? வெறும் கூடு மட்டும் இருந்தால் இன்ஜின் கரிசல் தூசியைத் தின்றிருக்கிறது.

5. வண்டி மானியத்தில் வாங்கியதா? அப்படியானால் விற்க நிபந்தனை ஏதும் உண்டா என்று வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஸ்லோ கோளாறு மட்டுமே இருக்கும் வண்டியை ஒதுக்க வேண்டியதில்லை. அதைக் காட்டி விலையைக் குறைக்கலாம். கவர்னர் வேலை செய்யாத வண்டியையும், சைலன்சரில் நீலப் புகை விடும் வண்டியையும் விட்டுவிடுவது நல்லது.

வாசகர்கள் கேட்பவை

கேள்வி: ஓடிக்கொண்டிருக்கும்போதே வேகம் திடீரென எகிறினால் உடனே என்ன செய்வது?

கிளட்சைத் துண்டித்து, சுவிட்சை அணைக்க வேண்டும். சுவிட்ச் வேலை செய்யவில்லையென்றால் சோக்கை முழுக்க மூட வேண்டும். பெட்ரோல் இன்ஜின் மூச்சடைத்து நின்றுவிடும். டேப்பை மூடினாலும் கிண்ணத்தில் உள்ள பெட்ரோல் தீரும்வரை ஓடும். ஓடும்போது பிளக் கேப்பைக் கையால் பிடுங்கக் கூடாது, ஷாக் அடிக்கும். காரணம் தெரியும்வரை மறுபடி ஸ்டார்ட் செய்யக் கூடாது.

கேள்வி: எங்களுடையது டீசல் வீடர். அதற்கும் இதே முறைதானா?

இல்லை. டீசலில் கார்புரேட்டர் கிடையாது. வேகத்தை டீசல் பம்பும் கவர்னரும் தீர்மானிக்கின்றன. கேபிளையும் வெளி ஸ்பிரிங்கையும் பார்க்கலாம். பம்ப் பக்கம் மெக்கானிக் இல்லாமல் கை வைக்கக் கூடாது. ஆயில் டிப் ஸ்டிக் அளவுக்கு மேல் நிரம்பியிருந்தால் அந்த ஆயிலையே எரித்து வேகம் எகிறும் ஆபத்து உண்டு. அப்போது டீசலை நிறுத்தினாலும் நிற்காது. காற்று வாயை ஒரு பலகையால் அடைத்தால் நிற்கும். வெறுங்கையால் அடைக்கக் கூடாது.

கேள்வி: காலையில் சரியாக நிற்கிறது, நண்பகலில் இரைகிறது. ஏன்?

சூட்டில் விரியும்போது மட்டும் கசியும் பேக்கிங், அல்லது தளர்ந்த நட்டு இருக்கலாம். சூடான நிலையில் ஆயில் தூரிகைச் சோதனையைச் செய்து பார்க்க வேண்டும். குளிர்ந்த இன்ஜினில் ஸ்லோ வைத்திருந்தாலும் இப்படி ஆகும். எப்போதும் சூடான பிறகே ஸ்லோ வைக்க வேண்டும்.

கேள்வி: சீசன் முடிந்ததும் எப்படி எடுத்து வைப்பது?

டேங்கில் உள்ள பெட்ரோலை வடித்துவிட வேண்டும். டேப்பை மூடி, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓட்ட வேண்டும். கிண்ணத்தின் வடிகால் போல்ட்டைத் திறந்து கடைசிச் சொட்டையும் வெளியேற்ற வேண்டும். வடிகட்டியைக் கழுவி உலர்த்தி மாட்ட வேண்டும். ஆவணியில் புதுப் பெட்ரோல் ஊற்றி ஒருமுறை ஸ்டார்ட் செய்து ஸ்லோவைப் பார்த்துவிட்டால், பழுதிருந்தாலும் மதுரைக்கோ விருதுநகருக்கோ போய் உதிரிபாகம் வாங்கிவர அவகாசம் இருக்கும்.

கேள்வி: பழுது பார்த்தும் சரியாகவில்லை, களை மட்டும் நிற்கிறது. என்ன வழி?

உழவன் செயலியில் இ-வாடகைப் பகுதியில் வேளாண்மைப் பொறியியல் துறையின் இயந்திரங்களுக்கு முன்பதிவு செய்யலாம். தேவையான கருவி கிடைக்குமா என்பதை முன்கூட்டியே விசாரிப்பது நல்லது. கோவிலாங்குளத்தில் உள்ள அருப்புக்கோட்டை மண்டல ஆராய்ச்சி நிலைய வளாகத்தின் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகினால், அந்தந்தப் பயிருக்கு ஏற்ற களை நிர்வாகம் பற்றியும் கேட்டுக்கொள்ளலாம். வரிசை விதைப்பாக இருந்தால், ஏர் பூட்ட மாடு உள்ள பக்கத்து வயல்காரரிடம் ஒரு நாள் இடை உழவு கேட்பதும் இன்னும் நல்ல வழிதான். இரைகிற வண்டியை அவசரத்துக்கு வயலில் இறக்குவது மட்டும் வேண்டாம்.